புளியங்கொட்டைக்குப் பெயர் வைத்தோம்

அந்தப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் அத்தனையையும் எழுதியது என் கை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மற்றவர்கள் மேல் கோபப்படப் போகிறேன். அப்போது நான் எங்கே இருந்தேன் என்று யாரும் தேட வேண்டியிருக்கக் கூடாது.

எண்பதுகளின் முற்பகுதி. பாப்பாரப்பட்டிக்கு மேற்கே, பஸ் நின்று போகும் சின்ன ஊர் எங்களுடையது. நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். செய்தியை எழுதிக் கவரில் போட்டு தருமபுரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். மற்ற நேரத்தில் ஊரில் ஏழு பேராகச் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்தினோம். ஓடாமல் கிடந்த செக்குக் கொட்டகைதான் இடம். இரண்டு நாளிதழ், நாலைந்து வாரப் பத்திரிகை, ஒரு அலமாரிப் புத்தகம், இரண்டு பெஞ்சு. செயலாளர், ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார்.

தொடங்கியபோது வருகிறவர்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வைத்தோம். எல்லா இடத்திலும் அப்படித்தானே வைக்கிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் அந்த நோட்டுக்கு வேறு வாசகர்கள் கிடைத்தார்கள். ஒரு தகப்பன் வந்து, மகன் வயலுக்குப் போனானா இங்கே வந்தானா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். எதிரே இருந்த புளி மண்டியின் முதலாளி வந்து, புளி தட்டுகிற பெண்களில் யார் யார் வேலை நேரத்தில் ரோட்டைத் தாண்டினார்கள் என்று பார்த்தார். மறுநாள் இரண்டு பெண்களை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் கையெழுத்துக்கூடப் போட்டவர்கள் இல்லை. பெயரை வாத்தியாரே அக்கறையாக எழுதி வைத்திருந்தார்.

நோட்டை எடுத்துவிட்டோம். ஆனால் எத்தனை பேர் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எந்தப் பத்திரிகையை நிறுத்துவது, எந்த நேரத்தில் கதவைத் திறந்து வைப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. வழி சொன்னது மண்டியில் புளி தட்டுகிற ஒரு அக்கா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் வந்து, யாராவது தொடர்கதையைச் சத்தமாகப் படித்தால் கேட்டுவிட்டுப் போவார்.

"ஏனுங்க சார், தலைய எண்ணறதுக்குப் பேரு எதுக்கு?" என்று வாத்தியாரிடம் கேட்டார். "எங்க மண்டியில கொட்டை மலையாக் கெடக்குது. வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டுப் போறோம். கொட்டையப் பாத்து எவன் எந்த வூட்டுக்காரின்னு கண்டுபுடிப்பான்?"

மூன்று மண்பானைகள் வைத்தோம். நாளிதழுக்கு ஒன்று, வாரப் பத்திரிகைக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று. வாசலில் ஒரு முறம் நிறையப் புளியங்கொட்டை. வருகிறவர்கள் ஒன்றை எடுத்து, எதற்காக வந்தார்களோ அந்தப் பானையில் போட வேண்டும். கேட்க வந்தவர்களும் போடலாம். மத்தியானத்துக்கு முன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பானையைக் கவிழ்த்து ஐந்தைந்தாகக் கூட்டி எண்ணுவேன். அந்த எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதி, தாளைக் கிழித்து ஆணியில் குத்துவேன். கொட்டை மறுபடியும் முறத்துக்குப் போய்விடும். சுவரில் வாத்தியார் சுண்ணாம்பால் எழுதினார்: இங்கே யாரும் பெயர் சொல்ல வேண்டாம்.

அந்த எண்கள் எங்களுக்கு நிறையச் சொல்லின. காலையில் படிக்க வருகிறவர்களைவிட மத்தியானம் கேட்க வருகிறவர்கள் அதிகம் என்று தெரிந்ததும், ஒரு மணிக்கே அடைத்து வந்த கதவைச் சாயங்காலம் வரை திறந்து வைத்தோம். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றுக்குத் தனிப் பானை வைத்துப் பார்த்ததில் இரண்டு வாரத்தில் மூன்றே கொட்டை விழுந்தது. அந்த மூன்றும் தன்னுடையது என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டார். நிறுத்திவிட்டோம். வறுத்த கொட்டை தின்கிற ஒருவர் முறத்தில் கை வைப்பதும் உண்டு. அதற்கும் கணக்கு தப்பாது, பானையில் விழுந்தது மட்டும்தான் எண்ணிக்கை. இரண்டு வருஷம் இப்படி நடந்தது. மாவட்டத்தில் இதைவிட நேர்மையான வருகைக் கணக்கு எந்த அலுவலகத்திலும் இருந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

பிறகு மானியம் என்ற வார்த்தை ஊருக்குள் வந்தது.

படிப்பகங்களுக்கு அலமாரியும் புத்தகமும் தருகிறார்கள் என்று வாத்தியார் விண்ணப்பம் போட்டிருந்தார். பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். பானைகளைப் பார்த்தார்.

"இது என்னங்க, ரசம் வைக்கவா?"

"வருகைப் பதிவு சார்" என்றார் வாத்தியார்.

அதிகாரி ஒரு கை கொட்டையை அள்ளி மறுபடியும் பானைக்குள் விட்டார். "வந்தவங்க எங்க?"

"அதுதான் சார். ஒரு ஆளுக்கு ஒண்ணு."

"நல்லாருக்குப்பா. இதை நான் ஃபைல்ல எப்படித் தைக்கறது?"

இரண்டு வருஷத்து வருகைப் பதிவேடு வேண்டும் என்றார். தேதி, பெயர், தகப்பனார் பெயர், படித்த நூல். பத்து நாளில் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த நாலு கட்டத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார், யாருக்குக் காட்டப் போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்த நானும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வாத்தியார் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து வாக்காளர் பட்டியலை வாங்கி வந்தார். இரண்டு வருஷத்துக் காலண்டர் தாள்களும் ஆணியில் இருந்தன. எண்ணிக்கை கையில் இருக்கிறது, பெயர்தான் இல்லை. பட்டியலில் இருக்கிற பெயர்களை வரிசையாக எடுத்து நிரப்பிவிடலாம் என்றார். ஒரு நாளில் பதினேழு கொட்டை என்றால் பதினேழு பெயர். பட்டியல் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

"பேரு எழுத மாட்டோம்னு சுவத்துல எழுதியிருக்கோமே சார்" என்றேன்.

"வந்தவங்க பேரையா எழுதறோம்? யாரோ பேரு. நெசப் பேரு இருந்தாத்தான் காட்டிக் குடுக்கறது. பொய்ப் பேருல யாருக்கு என்ன கெடுதி?"

அந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. முட்டாள்தனமாக ஏமாந்திருந்தால் மன்னித்துக்கொள்ளலாம். நான் அதைப் புத்திசாலித்தனம் என்று நம்பினேன். கொட்டை போட்டவர்களைக் காப்பாற்றிவிட்டு அதிகாரியையும் சமாளிக்கிறோம் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரவு பகலாகக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் படிக்க, நான் கார்பன் வைத்து எழுதினேன். படித்த நூல் என்ற கட்டத்துக்கு, "கண்ணுல படறதைப் போடு" என்றார். நிமிர்ந்து எதிரே இருந்த அலமாரியைப் பார்த்து, எது முன்னால் தெரிந்ததோ அதை எழுதினேன். முன்னால் தெரிந்தவற்றில் ஒன்று, யாரோ இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த ஓர் இடதுசாரி மாத இதழ். அட்டை கறுப்பும் சிவப்புமாக இருக்கும். அதைக் கேட்டு யாரும் வந்ததில்லை. திங்கட்கிழமை காலை பதிவேடு தருமபுரிக்குப் போனது. அதில் எண்ணிக்கை ஒவ்வொன்றும் உண்மை. பெயர் ஒவ்வொன்றும் பொய்.

அந்த வருஷங்களில் எங்கள் மாவட்டத்தில் நக்சலைட் என்று போலீஸ் யாரையெல்லாம் தேடியது, எப்படித் தேடியது என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எந்தச் சங்கத்துக்கு எது கொடுப்பதானாலும் முதலில் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்பார்கள். மானிய அலுவலகம் கேட்டது. கேட்ட கையோடு எங்கள் பதிவேட்டையும் அனுப்பி வைத்தது.

ஊர் பஸ் நிறுத்தத்தில் தகரப் பட்டறை வைத்திருந்த ஒரு பாய் இருந்தார். நாற்பது வயது. புனல், வாளி, தானியக் குதிருக்கு மூடி எல்லாம் செய்வார். ஒப்பம் போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்துத் தெரியாது. படிப்பகத்துக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. வளைகுடாவில் தகர வேலைக்கு ஆள் எடுப்பதாகப் பெங்களூரில் ஓர் ஏஜென்ட் மூலம் அவருக்கு ஒரு விசா ஒதுக்கியிருந்தார்கள். ஆவணி முடிவதற்குள் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாகிவிட்டது. போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி.

ஆடி பாதியில் அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மறுநாளும் வரச் சொன்னார்கள். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, நீங்க பேப்பர்காரரு. நீங்க சொன்னாக் கேப்பாங்க. நான் உங்க படிப்பகத்துல என்னமோ புஸ்தகம் நாலு தடவை படிச்சேங்கறாங்க. எனுக்குப் படிக்கத் தெரியாது சார்னா, மாட்டறவன் பூரா இதைத்தான்டா சொல்றான்னு சிரிக்கறாங்க. வெரிஃபிகேசனை அனுப்ப மாட்டேங்கறாங்க. நான் அங்க வந்ததே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நாலு தடவை. வாக்காளர் பட்டியல் எத்தனை சுற்று சுற்றியது என்பதுகூட ஞாபகம் வந்தது. நான் சொன்னது: "விசாரிக்கிறேன் பாய்."

விசாரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. எழுதியவன் நான்.

வாத்தியாரிடம் போனேன். ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "கவர்மென்ட்டுக்குப் பொய்ப் பதிவேடு குடுத்தேன்னு நானே போய்ச் சொல்லணுமா? என் வேலை என்னாவறது? நாலு நாள் உக்கார வெச்சுட்டு வுட்டுருவாங்கப்பா. பாயை எல்லாருக்கும் தெரியும்."

"அவருக்கு ஆவணி வரைக்கும்தான் சார் டைம்."

"இன்னும் மாசம் இருக்குதே."

எழுவரும் கூடினோம். பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. என்னைத் தவிர எல்லோரும் அதற்குச் சம்மதம் என்று எழுதத்தான் ஆசை. நானும் வாயைத் திறக்கவில்லை. பொறுத்துக்கொண்டிருந்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர்தான். நாங்கள் ஆறு நாள் சும்மா இருந்தோம். பட்டறை மேலும் ஆறு நாள் பூட்டிக் கிடந்தது.

பூட்டைப் பார்த்துக் கேட்டது மண்டி அக்கா. மத்தியானம் தொடர்கதை கேட்க வந்தவர், "பாய் எங்க, வெளிநாடு போயிட்டாரா? சொல்லிக்கினு போவலையே" என்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்றால், வேறு யாரிடமும் சொல்லத் தைரியம் இல்லை. அவர் கடைசி வரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"எம் பேரும் அதுல கீதுங்களா?"

கார்பன் பிரதியை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. மூன்று நாவல் படித்திருந்தார்.

"நான் படிச்சேனா?" என்றார். "கேக்கறவளுக்குக் கொட்டை போதும்னு நான் சொன்னேன். நீங்களும் சரின்னீங்க. இப்ப எம் பேரை எடுத்துக்கினு போயி எவன்கிட்டயோ குடுத்துட்டு, ஒரு வார்த்தை சொல்லல. அந்த நோட்டை எடுத்துக்கினு வா. எல்லாருக்கும் படி."

மண்டி முற்றத்தில், சாப்பாட்டு நேரத்தில், புளிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். முதலாளி அன்று தருமபுரி போயிருந்தார். முதலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். செய்தி பரவி, ரோட்டில் போனவர்களும் வந்தார்கள். அரை மணி நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது.

"நான் சட்டப் புஸ்தகம் படிச்சனா? அதான் பொம்பளைங்க யாரும் என்னோட வாயைக் குடுக்கறதில்லை" என்றார் ஒரு பெரியவர்.

"ஏப்பா, எம் பங்காளி பேரு என்னை விட ஒரு தடவை ஜாஸ்தி வருதே, அது எப்படி?" என்று ஒருவர் நிஜமாகவே சண்டைக்கு வந்தார்.

போன வருஷம் தையில் இறந்துபோன ஒருவரின் பெயர், மூன்று மாதம் கழித்துச் சித்திரையில் வந்தது. பட்டியலில் அடித்திருக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அவர் மனைவி கூட்டத்தில் இருந்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"செத்தவரு இங்க வந்து கதை படிச்சாரா?" என்றார் அந்தம்மா. "நாலு வூடு தள்ளி நான் ஒண்டியா உக்காந்துகினு இருந்தேனே. எட்டிப் பாக்கலையே."

நான் படிப்பதை நிறுத்தினேன். "நிறுத்தாத. பாய் பேரு வரைக்கும் படி" என்றார் அக்கா. படித்தேன். நாலு தடவையும், இதழின் பெயரோடு.

வாத்தியார் வரவில்லை. பள்ளிக்கூட நேரம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்று பள்ளிக்கூடம் இருந்தது உண்மைதான்.

மறுநாள் காலை பஸ்ஸில் முப்பத்தொரு பேர் ஸ்டேஷனுக்குப் போனோம். புளி தட்டுகிறவர்களே பாதிக்கு மேல். வேலை போனால் போகட்டும் என்று வந்தார்கள். மாதச் சம்பளக்காரர் ஒருவர் பயந்து ஒளிந்த இடத்தில், தினக்கூலிக்காரர்கள் பஸ் ஏறினார்கள். பாய் வழக்கம்போலப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். தன்னைப் பிடித்துக் கொடுக்க ஊரே வந்துவிட்டது என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "என்ன கூட்டம்?"

"எங்களுக்கும் படிக்கத் தெரியாதுங்க சார்" என்றார் அக்கா. "அந்த நோட்டுல எங்களையும் படிச்சதா எழுதிக் கீது. பாயை உக்கார வெச்ச மாதிரி எங்களையும் உக்கார வையுங்க. பெஞ்சு பத்தாது, தரையில உக்காந்துக்கறோம்."

"படிக்கத் தெரியாதுன்னு சொல்ல இவ்ளோ பேரா?" அவர் மேஜையிலிருந்த நாளிதழை எடுத்து, கணவரை இழந்த அந்தம்மாவிடம் நீட்டினார். "படி, பாப்போம்."

அந்தம்மா வாங்கிப் பார்த்தார். "படத்துல ஆளு தலைகீழா நிக்கறாருங்க. அது மட்டும்தான் தெரியுது."

கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "யார் எழுதினது இது?" என்றார். நான் முன்னால் போனேன். எங்கள் நாளிதழின் பெயரைச் சொல்லி, அதற்கு எழுதுகிறவன் நீதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"பேப்பர்லயும் இப்படித்தான் எழுதுவியா?"

தாள் கேட்டு வாங்கினேன். வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். வாக்காளர் பட்டியலைப் பார்த்து எழுதியது, அலமாரியைப் பார்த்து நூல் பெயர் போட்டது, எல்லாவற்றையும். யார் சொல்லி எழுதினாய் என்று கேட்டார். செயற்குழுவில் நானும் ஒருவன், அதனால் எழுதினேன் என்றேன். வாத்தியாரின் பெயரை நான் சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு பெயரை இன்னொரு தாளில் எழுத அன்று எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். முப்பது பேரும் வரிசையாகப் பெருவிரல் ரேகை வைத்தார்கள். அன்று சாயங்காலம் பாயை விட்டுவிட்டார்கள்.

ஆனால் முதல் அறிக்கை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இவர் மேல் சந்தேகம் உண்டு, விசாரணை நடக்கிறது என்று. அதை மாற்றி இரண்டாவது அறிக்கை போக வேண்டும், அது தருமபுரி போய், அங்கிருந்து சென்னை போக வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை நான் போய்க் கேட்டேன். இன்று போகும், நாளை போகும் என்றார்கள். ஆவணி முடிந்தது. ஏஜென்ட் வேறு ஆளை அனுப்பிவிட்டார். பாஸ்போர்ட் ஐப்பசியில் வந்தது.

மானியமும் வந்தது. அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. பதிவேட்டின் கூட்டல் சரியாக இருந்ததாம். இரண்டு அலமாரிகள் லாரியில் வந்து இறங்கின. நான் குழுவிலிருந்து விலகியிருந்தேன். மத்தியானம் கேட்க வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். மண்டியிலிருந்து ஒருவரும் ரோட்டைத் தாண்டவில்லை. ஸ்டேஷனுக்கு வந்த பெண்களில் நாலு பேருக்கு வேலை போனது. அக்கா அதில் ஒருவர். அவர் ஏரியூர்ப் பக்கம் நிலக்கடலை பிடுங்கும் வேலைக்குப் போய்விட்டார். சுவரில் இருந்த வாசகத்தின் மேல் வாத்தியார் வெள்ளையடித்தார். அவர் பிறகு தலைமையாசிரியர் ஆனார். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் குறையவில்லை, குறைய வேண்டிய அவசியமும் இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் பாயின் பட்டறைக்குப் போனேன். அதுவரை போகாமல் பஸ்ஸை அடுத்த நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வாளிக்கு அடித் தகடு வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வந்திருந்த நான், மழை சரியில்லை என்று எதையோ பேசினேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "தம்பி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நாலு தடவை நான் படிச்சேன்னு எழுதுனீங்களே, அந்தப் புஸ்தகம். அதுல அப்படி என்னதான் எழுதியிருக்குது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பத்து நாள் பெஞ்சில் உட்கார்ந்ததும், விசா போனதும் எதனால் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"தெரியாதுங்க பாய்" என்றேன். "நான் அதைப் பிரிச்சுப் பார்த்ததே இல்லை."

அவர் வாளியைத் திருப்பிப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. எழுந்து வந்துவிட்டேன்.